கறுப்பு வெள்ளைச் சிலைடு

கறுப்பு வெள்ளைப் புகைப்படம் என்றதும் பெரும்பாலோர் நினைவில் எழுவன இரண்டு. ஒன்று, ஒளியும் நிழலும் இடம்மாறித் தோன்றும் நெகட்டிவ். மற்றொன்று, அதிலிருந்து காகிதத்தில் அச்சாகி வரும் படம். இவ்விரண்டும் ஒன்றாகிவிட்ட மூன்றாவது வகை ஒன்று உண்டு என்பதைப் பலர் அறியார். காமிராவுக்குள் ஓடிய அதே பிலிம், கழுவி முடித்ததும் நேர்ப்படமாக மாறி, இரண்டு அங்குலச் சதுரச் சட்டத்துக்குள் அமர்ந்து, விளக்கொளியில் ஒரு சுவரையே நிறைத்துவிடும். அதுவே கறுப்பு வெள்ளைச் சிலைடு. நெகட்டிவ் விதைநெல் போன்றது. வேண்டும்போதெல்லாம் அதிலிருந்து படம் விளைவித்துக் கொள்ளலாம். சிலைடோ வடித்து இறக்கிய சோறு. குழைந்தாலும் வேகாவிட்டாலும் இலையில் விழப்போவது அதுதான்.

இக்கலை புதியதன்று. 1850ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த லாங்கன்ஹைம் சகோதரர்கள் கண்ணாடித் தகட்டில் புகைப்படத்தைப் பதித்து, விளக்கின் முன் வைத்துத் திரையில் காட்டும் முறைக்கு உரிமம் பெற்றனர். அதன்பின் நெடுங்காலம், பள்ளிகளிலும் சமயக் கூட்டங்களிலும் பயணச் சொற்பொழிவுகளிலும் திரையில் விழுந்தவை கறுப்பு வெள்ளைச் சிலைடுகளே. 1935இல் கோடக்குரோம் வந்தது. வண்ணம் வந்தபின் சிலைடு என்ற சொல்லே வண்ணப் படத்தைக் குறிப்பதாயிற்று. கறுப்பு வெள்ளைச் சிலைடுக்கெனத் தனியே செய்யப்பட்ட பிலிம்கள் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குள் சுருங்கின. அவற்றைத் தேடிப் பிடித்துப் பயன்படுத்தியோர் பிடிவாதக்காரர்கள் என்றே பெயரெடுத்தனர். அப்பெயர் பொருத்தமற்றதன்று.

அத்தகைய பிடிவாதக்காரர் ஒருவர் பேரா மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே, தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தார். காமிரா அவருக்குப் பொழுதுபோக்கு. பள்ளி விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, தோட்டத்துத் திருமணங்கள் என எல்லாவற்றையும் மற்றவர்களைப் போல வண்ண நெகட்டிவில்தான் அவரும் எடுத்து வந்தார். 1997இன் இறுதியில் தோட்டம் கைமாறப் போகிறது, பால் மரங்களை வெட்டிவிட்டு வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது என்ற செய்தி லயங்களுக்குள் பரவிய பின்னரே அவர் சிலைடைப் பற்றி எண்ணத் தொடங்கினார்.

அவர் எண்ணத்துக்குக் காரணம் எளியது. காகிதப் படம் கைக்குக் கை மாறும். ஒருவர் பார்க்கும்போது மற்றவர் காத்திருப்பார். பார்த்தவர் பேசி முடிப்பதற்குள் பாராதவர் பொறுமை இழப்பார். சுவரில் விழும் படமோ ஊரே ஒன்றாகப் பார்ப்பது. முப்பது ஆண்டுகள் பால் மரம் சீவிய ஒருவரின் முகம், அவர் வாழ்ந்த லயத்தின் கதவைவிடப் பெரிதாக, அவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ்ந்திருக்கும் இருளில் ஒளிர வேண்டும் என்று அந்த ஆசிரியர் விரும்பினார். வண்ணச் சிலைடை அவர் வேண்டாமென ஒதுக்கியதற்கும் காரணம் உண்டு. பள்ளியின் இரும்பு அலமாரியில் 1960களில் யாரோ எடுத்து வைத்த வண்ணச் சிலைடுகள் சில கிடந்தன. அவற்றில் வானமும் புல்லும் மனிதரும் ஒரே செந்நிறமாகப் பாய்ந்து போயிருந்தனர். அக்காலத்து எக்டாகுரோம் வகைப் பிலிம்களின் சாயங்கள் இருட்டில் வைத்திருந்தாலும் வெளிறக்கூடியவை. கறுப்பு வெள்ளைச் சிலைடில் சாயம் இல்லை. அதில் படமாய் நிற்பது வெள்ளி என்னும் உலோகம். முறையாகக் கழுவி ஈரம் தாக்காமல் காத்தால், எடுத்தவரைவிட நீண்ட ஆயுள் அதற்கு உண்டு.

அந்நாளில் இவ்வகையில் எளிதாகக் கைக்கு எட்டியது ஒன்றே: ஜெர்மனியின் ஆக்பா நிறுவனம் 1990களில் வெளியிட்ட ஸ்காலா 200. அதற்கு முன் அதே நிறுவனத்தின் டியா டைரக்ட் இருந்தது. அதன் வேகம் ஐ.எஸ்.ஓ. 32 மட்டுமே, அதாவது நல்ல வெயிலுக்கும் முக்காலிக்கும் உரியது. 1980களின் தொடக்கத்தில் போலராய்டு நிறுவனம் கொண்டுவந்த போலாபான், சிறு கைப்பெட்டி ஒன்றில் சில நிமிடங்களில் சிலைடாகிவிடும். வேடிக்கையான பொருள்தான், ஆயின் அதன் மேற்பரப்பு நகம் பட்டாலே கீறிக்கொள்ளும். கோடக் நிறுவனம் தன் டி-மாக்ஸ் 100 பிலிமைச் சிலைடாக்குவதற்கான இரசாயனப் பெட்டி ஒன்றை விற்றது. ஸ்காலா இவை எல்லாவற்றையும்விட வேகமானது. அதன் மணியும் நுண்மையானது, அதன் கறுப்பு மிக ஆழ்ந்த கறுப்பு. நல்ல அச்சுக் காகிதத்தில் மிகு வெண்மைக்கும் மிகு கருமைக்கும் இடையே உள்ள விகிதம் ஏறத்தாழ 100க்கு 1. நல்ல சிலைடில் அது 1000க்கு 1 என்பதையும் தாண்டும். சுவரில் விழும் கறுப்பு வெள்ளைப் படம் காண்போரை வாயடைக்கச் செய்வது இதனாலேயே.

ஸ்காலாவுக்கு ஒரு தடை இருந்தது. அதனைக் கழுவும் முறை அந்நிறுவனத்துக்கே உரியது; உலகில் குறிப்பிட்ட சில ஆய்வகங்களே அதற்கான பொறியை வைத்திருந்தன. ஆசிரியர் தம் பிலிமை வெளிநாட்டுக்கு அஞ்சலில் அனுப்பி வைத்து, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆறு சுருள்கள் வாங்கினார். பிலிமின் விலை, கழுவும் கட்டணம், இருவழி அஞ்சல் செலவு எல்லாம் சேர்ந்தபோது அதற்குமேல் அவர் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. ஒரு சுருளுக்கு 36 படங்கள். ஆறு சுருளில் 216. தோட்டத்திலோ லயங்கள் மட்டும் பதினான்கு.

காமிராவில் பிலிமைப் பொருத்திய பின்னர்தான் உண்மையான இடர் தொடங்கியது. நெகட்டிவில் படம் எடுப்போருக்கு ஒரு பழைய விதி உண்டு: நிழலுக்கு ஒளியளவு கொடு, வெளிச்சத்தை அச்சிடும்போது பார்த்துக்கொள் என்பது. சிலைடில் இவ்விதி தலைகீழாகும். அதிக ஒளி பட்ட இடம் கழுவிய பின் வெறும் கண்ணாடியாகிவிடும். அங்கே துணியின் மடிப்போ மேகத்தின் விளிம்போ எதுவும் மிஞ்சாது. அச்சிடும் இருட்டறை என ஒன்று இல்லாததால், பின்னால் சரிசெய்யும் வாய்ப்பும் இல்லை. ஆகவே வெளிச்சமான இடத்துக்கே அளவு வைக்க வேண்டும். நெகட்டிவ் ஓரிரு ஸ்டாப் தவறினாலும் பொறுத்துக்கொள்ளும். சிலைடு அரை ஸ்டாப் தவறினாலே காட்டிக் கொடுத்துவிடும். அது தெளிவாகப் பிடித்து வைக்கும் ஒளி வேறுபாடும் ஏறத்தாழ ஐந்து ஸ்டாப் அளவுதான்.

மேலைநாட்டுக் கையேடுகள் இவ்விதியைச் சொல்லி, பனிமலையையும் வெண்ணிற முகங்களையும் எடுத்துக்காட்டாகத் தந்துவிட்டு நின்றுவிடுகின்றன. தோட்டத்து மனிதரை அவை கண்டதில்லை. உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி கட்டி, தலையில் துண்டு சுற்றி நிற்கும் கறுத்த முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வேட்டியிலிருந்து தெறிக்கும் ஒளிக்கும், துண்டின் நிழல் விழுந்த முகத்திலிருந்து வரும் ஒளிக்கும் இடையே ஆறு ஸ்டாப் வரை வேறுபாடு வந்துவிடும். விதிப்படி வேட்டிக்கு அளவு வைத்தால் அதன் கரையும் மடிப்பும் அழகாக விழும், முகம் அடுப்புக்கரியாகிவிடும். முகத்துக்கு அளவு வைத்தால் கண்ணும் சுருக்கமும் தெரியும். வேட்டி இருந்த இடத்தில் திரையின் வெறும் ஒளி மட்டும் கூசும். பிலிம் யாருக்கும் வஞ்சனை செய்வதில்லை. அதன் குறுகிய எல்லைக்குள் எதனை வைப்பது என்று முடிவு செய்பவர் காமிராவைப் பிடித்தவரே. அந்த முடிவைக் கையேட்டுக்கு விட்டுவிட்டதால், துணி தெளிந்து முகம் இருண்ட படங்கள் எத்தனை வீடுகளில் தொங்குகின்றன!

ஆசிரியர் முகத்தின் பக்கம் நின்றார். ஆயினும் வேட்டியையும் பால் மங்கில் நிறைந்த வெண்மையையும் முற்றாக இழக்க அவர் விரும்பவில்லை. பால் வெறும் ஒளியாகிப் போனால் அது பாலன்று அல்லவா? இரண்டையும் ஐந்து ஸ்டாப்புக்குள் கொண்டுவருவதற்கு அவர் கையாண்ட வழிகள்தாம் இக்கலையின் சாரம்.

முதலாவது, காலம். ரப்பர் மரங்கள் ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை உதிர்க்கும். மற்ற மாதங்களில் தோட்டத்துக்குள் காலை வேளை குகைபோல் இருண்டிருக்கும். 200 வேகப் பிலிம் அங்கே தடுமாறும். இலையுதிர்ந்த சில வாரங்களில் மட்டும் வானமே ஒரு பெரிய வெள்ளைக் குடையாகி, நிழலற்ற மென்மையான ஒளி கீழே இறங்கும். பால் மரம் சீவுதலோ விடியலுக்கு முன்பே, நெற்றி விளக்கின் துணையோடு தொடங்குவது. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும். தீபகற்ப மலேசியாவில் 1982 முதல் கடிகாரம் அரைமணி முன்னே தள்ளப்பட்டதால், ஏழு மணிக்கும் வெளிச்சம் முழுமையாக வருவதில்லை. ஆகவே ஏழரை மணிக்கும் எட்டரை மணிக்கும் இடைப்பட்ட ஒரு மணி நேரமே அவருக்குரியது. பள்ளி விடுமுறை நாள்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், 1998 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அவர் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் பயன்படுத்தினார். எட்டரைக்குப் பின் வெயில் மரங்களுக்கிடையே கோடு கோடாக இறங்கும். பார்க்க மிக அழகாக இருக்கும். அப்போது அவர் காமிராவை மூடிவிடுவார்.

இரண்டாவது, பில்டர். பழுப்பு நிறத் தோல் சிவப்பு, செம்மஞ்சள் ஒளியைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். நீலத்தைக் குறைவாக அனுப்பும். வெள்ளைத் துணி எல்லா நிறத்தையும் ஒரே அளவாக அனுப்பும். லென்ஸின் முன் மஞ்சள் பில்டரோ ஆரஞ்சு பில்டரோ இட்டால், துணி இருந்தபடியே இருக்க, முகம் மட்டும் சற்று மேலே எழுந்து வரும். வானத்தைக் கறுக்கச் செய்வதற்கே இப்பில்டர்கள் பயன்படும் எனப் பலர் எண்ணுகின்றனர். தமிழர் முகத்துக்கு அவை செய்யும் நன்மை அதனினும் பெரிது. இதற்கு ஒரு விலை உண்டு. மஞ்சளுக்கு ஒரு ஸ்டாப், ஆரஞ்சுக்கு ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் ஒளி இழப்பு. மரத்தடியில் அவர் மஞ்சளோடு நின்றார். பிரட்டுக் களத்திலும் லயத்து வாசலிலும் ஆரஞ்சு.

மூன்றாவது, பள்ளியிலிருந்து எடுத்துச் சென்ற வெள்ளை மணிலா அட்டை. மாணவன் ஒருவன் அதனைப் படத்துக்கு வெளியே, முகத்துக்கு அருகில் சாய்த்துப் பிடிப்பான். அட்டையில் பட்ட ஒளி துண்டின் நிழலுக்குள் புகுந்து கண்களைத் திறந்துவிடும். விலை சில காசுதான். விலையுயர்ந்த மின்னல் விளக்கு அந்த முகங்களில் வியர்வையை மட்டுமே மினுங்கச் செய்திருக்கும்.

நான்காவதாகச் சொல்ல வேண்டியது, அவர் செய்யாமல் விட்டது. ஸ்காலாவை 400, 800 வேகமெனக் கொண்டு எடுத்து, கழுவும்போது ஈடுகட்டச் சொல்லலாம். பலர் அவ்வாறு செய்தனர். வேகத்தை உயர்த்தினால் கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள பகையும் உயரும். வெளிச்சம் குறைந்தபோது அவர் வேகத்தைத் தொடவில்லை. மரத்தில் முதுகைச் சாய்த்து, மூச்சை அடக்கி, முப்பதில் ஒரு வினாடியில் எடுத்தார். ஓடிக்கொண்டிருந்தவர்களை எடுக்க முடியவில்லை. நின்றவர்களை மட்டுமே எடுத்தார். அதனால் அப்படங்களில் உள்ளோர் எல்லோரும், கையில் கத்தியும் காண்டா வாளியுமாக, நின்று நேராகப் பார்க்கின்றனர்.

216 படங்களில் 171 படங்கள் சட்டத்துக்குள் ஏறத் தகுந்தவையாக வந்தன. தோட்டம் 1999இல் மூடப்பட்டது. லயத்து மக்கள் தாமான் வீடுகளுக்கும் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்கும் பிரிந்து சென்றனர். மாரியம்மன் கோயில் மட்டும் அதே இடத்தில் நின்றது. ஆண்டுத் திருவிழாவுக்குப் பிரிந்தவர்கள் திரும்பி வருவார்கள். அந்த மண்டபச் சுவரில் வேட்டியை விரித்துக் கட்டி, அவர் சிலைடுகளைக் காட்டினார்.

2005ஆம் ஆண்டு மே மாதம், ஆக்பாவின் புகைப்படப் பிரிவைப் பெற்றிருந்த ஆக்பாபோட்டோ நிறுவனம் நொடித்துப் போனது. ஸ்காலாவும் அதனோடு முடிந்தது. அதற்கு முந்திய ஆண்டே கோடக் நிறுவனம், 1961 முதல் பெயர்பெற்றிருந்த தன் கரோசல் வகை உட்பட எல்லாச் சிலைடு புரொஜெக்டர்களையும் செய்வதை நிறுத்தியிருந்தது. கறுப்பு வெள்ளைச் சிலைடின் கதை அத்துடன் முடிந்தது என எண்ணியவர் பலர். அவ்வாறு முடியவில்லை.

செக் நாட்டில் 1921இல் தொடங்கப்பட்ட போமா நிறுவனம், சிலைடுக்கென்றே போமாபான் ஆர் 100 என்னும் பிலிமைச் செய்துவருகிறது. 2010களில் ஜெர்மனியின் அடாக்ஸ் நிறுவனம் ஸ்காலா என்னும் பெயருக்கு மறுவாழ்வு கொடுத்தது. இங்கிலாந்தின் இல்போர்டு நிறுவனமோ, பான் எப், எப்.பி.4, டெல்டா 100 ஆகிய தன் சாதாரண நெகட்டிவ் பிலிம்களையே சிலைடாகக் கழுவுவதற்கான முறையை எழுதி வெளியிட்டிருக்கிறது. இவற்றுள் எதைத் தேர்வது?

தேர்வோர் முதலில் பார்க்க வேண்டியது பிலிமின் அடித்தளத்தை. சாதாரண 35 மில்லிமீட்டர் நெகட்டிவ் பிலிமின் அடித்தளத்தில் இலேசான சாம்பல் நிறம் கலந்திருக்கும். நுனியில் பட்ட ஒளி குழாய்க்குள் ஓடும் நீர்போல் உள்ளே ஊர்ந்து படங்களைக் கெடுக்காமல் தடுப்பதற்காக. அச்சிடும்போது அந்தச் சாம்பல் நிறத்தால் தீங்கில்லை. திரையில் வெண்மை வெண்மையாக இராது. துவைத்தும் பழுப்பேறிய சட்டைபோல் தோன்றும். போமாபான் ஆர் போன்ற சிலைடுப் பிலிம்களின் அடித்தளம் தெளிந்த கண்ணாடி போன்றது. அவற்றைக் காமிராவில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் வெயிலில் நில்லாமல், நிழலில், உடலால் மறைத்துச் செய்தல் வேண்டும். போமாபான் ஆரில், ஒளி பின்புறம் பட்டுத் திரும்பாமல் தடுக்க மெல்லிய வெள்ளிப் படலம் ஒன்றும் உண்டு. சிலைடாகக் கழுவும்போது வெளுப்புக் கரைசலில் அது கரைந்துவிடும். நெகட்டிவாகக் கழுவினால் அது அப்படியே தங்கிவிடும். எனவே அதனை நெகட்டிவுக்குப் பயன்படுத்த எண்ணுவது வீண். திரைக்கென எடுப்பவர் தெளிந்த அடித்தளம் உள்ளதையே தேர்தல் நலம். இரு வேலைக்கும் ஒரே பிலிம் வேண்டும் என்போர் இல்போர்டு போன்றவற்றோடு அமைதி கொள்ளலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, யார் கழுவப் போகிறார்கள் என்பது. ஸ்காலா மறைந்தபின் ஆசிரியர் தாமே கழுவக் கற்றார். முறை நீண்டது, புரிந்துகொண்டால் கடினமன்று. முதல் டெவலப்பர், ஒளி பட்ட வெள்ளி உப்பைக் கறுப்பு வெள்ளியாக மாற்றும். அப்போது பிலிமில் இருப்பது சாதாரண நெகட்டிவே. அடுத்து வெளுப்புக் கரைசல் அந்தக் கறுப்பு வெள்ளியை முழுதும் கரைத்து எடுத்துவிடும்; ஒளி படாத உப்பு மட்டும் எஞ்சும். கறை நீக்கும் கரைசலுக்குப் பின், பிலிமை வெளியே எடுத்து விளக்கின் முன் பிடிக்க வேண்டும். காலமெல்லாம் பிலிமை ஒளியிலிருந்து காத்துப் பழகியவர்க்கு இது நெஞ்சைப் பதற வைக்கும் கட்டம்! எஞ்சியிருந்த உப்பு அவ்வொளியை வாங்கிக்கொண்டு, இரண்டாம் டெவலப்பரில் கறுத்து, நேர்ப்படமாக எழும். பின்னர் ஹைப்போவும் நீரும்.

ஐரோப்பியர் எழுதிய முறைகள் எல்லாம் 20 பாகை வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டவை. மலேசியாவில் குழாய் நீரே 28 பாகை. வெளுப்புக் கரைசலில் உள்ள பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கந்தக அமிலமும் பிலிமின் ஜெலட்டினை மென்மையாக்கக்கூடியவை. வெப்பமும் சேர்ந்தால் படம், காய்ச்சிய பாலின் ஆடைபோல், அடித்தளத்தை விட்டுக் கழன்று மிதக்கும். அவருடைய முதல் இரண்டு சுருள்களும் அவ்வாறே மிதந்தன. அதன்பின் சீனர் மளிகைக் கடையில் ஐஸ் கட்டி வாங்கி, பெரிய பேசினில் இட்டு, எல்லாப் போத்தல்களையும் கழுவும் நீரையும் அதில் நிறுத்தி, வெப்பமானி 20 காட்டும் வரை காத்திருந்து தொடங்கினார். ஒரு கரைசலுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு இரண்டு பாகையைத் தாண்டலாகாது. ஒரு சுருளுக்கு ஒரு பெரிய ஐஸ் கட்டி என்பது கணக்காயிற்று.

வெளுப்புக்குப் பெர்மாங்கனேட்டுக்குப் பதில் பொட்டாசியம் டைகுரோமேட்டு இடுவதே பழைய வழக்கம். அது ஜெலட்டினை இவ்வளவு வருத்துவதில்லை. ஆயினும் அது புற்றுநோய் விளைவிக்கும் நஞ்சு. பிள்ளைகள் நடமாடும் வீட்டுக்குள் அதற்கு இடமில்லை. சாக்கடையில் ஊற்றுவதும் தகாது. படத்தின் அழகுக்காக அதனை ஏற்கலாம் என வாதிடுவோர் உளர். அவ்வாதம் ஏற்புடையதன்று. கந்தக அமிலத்தைக் கலக்கும்போதும், அமிலத்தைச் சிறிது சிறிதாக நீரில் விட வேண்டுமேயன்றி, நீரை அமிலத்தில் ஊற்றலாகாது. அறிவியல் பாடத்தில் மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்லித் தருவதுதான். சொல்லித் தந்தவரும் மறந்துவிடுவதுண்டு.

முதல் டெவலப்பரே படத்தின் தலையெழுத்தை எழுதுவது. அது குறைந்தால் படம் முழுவதும் இருண்டு போகும், மிகுந்தால் வெளிறிவிடும். வெண்மை தெளிவாக வருவதற்கு அதில் ஹைப்போ சிறிதளவு சேர்ப்பர். எவ்வளவு என்பது நீருக்கும் பிலிமுக்கும் ஏற்ப மாறும். புதிய பிலிம் வாங்கும்போதெல்லாம் ஆசிரியர் ஒரு சுருளை முழுவதும் சோதனைக்கே ஒதுக்கினார். வேட்டி அணிந்த ஒருவரை நிறுத்தி, வேகம் 50, 100, 200 எனக் கொண்டு அடுத்தடுத்து எடுத்து, துண்டு துண்டாக வெட்டித் தனித்தனி நேரங்களில் கழுவிப் பார்ப்பார். உறையில் அச்சிட்ட வேகம் தொழிற்சாலையின் கணக்கு. தம் வீட்டு நீரில், தம் மக்கள் முகத்துக்கு எது ஏற்றது என்பது வேறு கணக்கு. ஒரு சுருள் வீணாகிறதே என வருந்துவோர், நாளை ஆறு சுருள்களை வீணாக்குவர்.

பாதுகாத்தலைப் பற்றிச் சிறிது. வெள்ளி வெளிறாது என்றாலும் ஜெலட்டின் பூசணத்துக்கு உணவு. கண்ணாடிச் சட்டம் தூசியைத் தடுக்கும். இந்நாட்டு ஈரத்தை உள்ளே அடைத்தும் வைக்கும். அவர் கண்ணாடியற்ற சட்டங்களையே பயன்படுத்தி, இறுக மூடும் டின்களில், நீல நிறச் சிலிக்கா மணிகளோடு வைத்தார். மணிகள் இளஞ்சிவப்பானதும் வாணலியில் இட்டுச் சூடாக்கினால் மீண்டும் நீலமாகும். 1998இன் சிலைடுகள் இன்றும் தெளிவாக உள்ளன.

சிலைடின் பெருங்குறை, திருவிழாவில் இரண்டாம் முறை படம் காட்டிய 2000ஆம் ஆண்டில்தான் முழுதாகப் புலப்பட்டது. கூட்டம் கலைந்தபின் முதிய அம்மையார் ஒருவர் புரொஜெக்டர் அருகில் வந்து நின்றார். அவர் கணவர் தோட்டம் மூடிய மறு ஆண்டே காலமாகியிருந்தார்.

"வாத்தியாரையா, எங்க வீட்டுக்காரரு படம் ஒண்ணு எனக்கு வேணும்" என்றார்.

"அச்சடித்துத் தருகிறேன் அம்மா" என்றார் ஆசிரியர்.

ஈப்போவில் ஒரு கடையில் சிலைடிலிருந்து அச்சிட்டுத் தந்தனர். அதற்குச் சிலைடை மீண்டும் ஒரு நெகட்டிவில் படம்பிடித்து, அதிலிருந்து அச்சிட்டனர். ஆயிரத்துக்கு ஒன்றாய் இருந்த விகிதத்தை நூற்றுக்கு ஒன்றாய் நெருக்கும்போது நெருக்குண்டது முகமே. வேட்டி பளிச்சென்று இருந்தது, பால் மங்கு பளிச்சென்று இருந்தது, முகம் கறுத்திருந்தது. கணினியில் வருடி முகத்தை மட்டும் மேலே எடுத்து அச்சிடும் வசதி இன்று எளிதாகக் கிடைக்கிறது. அன்று அந்த ஆசிரியருக்கு அது எட்டவில்லை. அம்மையார் அப்படத்தை விளக்கடியில் நெடுநேரம் பார்த்தார்.

"சட்டை வேட்டி எல்லாம் அவருடையதுதான் ஐயா. மூஞ்சிதான் வரலை" என்றார்.

ஆசிரியர் பெட்டியைத் திறந்து, அந்தச் சிலைடையே எடுத்து, சிறு தாளுறையிலிட்டு அவர் கையில் கொடுத்தார். அம்மையார் அதனை மண்டபத்துக் குழல்விளக்கை நோக்கி உயர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பின் முந்தானையில் முடிந்துகொண்டார். அப்படத்துக்கு வேறு பிரதி எங்கும் இல்லை.

தாமே கழுவத் தொடங்கிய பின்னும், திருவிழாவுக்குத் திரும்பி வரும் தோட்டத்து மக்களை அவர் ஆண்டுதோறும் காலை வேளையில், கோயில் வாசலில், மணிலா அட்டையோடு எடுத்து வந்தார். ஒவ்வொருவரையும் அசையாமல் நிறுத்தி, ஒரே அளவில், இரண்டு முறை எடுப்பது வழக்கமாயிற்று. ஒன்று பெட்டிக்கு, மற்றொன்று கேட்டு வருபவர்க்கு. அவ்வாறு எடுத்ததில் ஒரு சுருளுக்குப் பதினெட்டுப் பேரே அடங்கினர்.